மடியை மெழுகியவன் எழுதுவது

அமிர்தலிங்கம் போன செய்தியை எனக்குத் தொலைபேசியில் சொன்னவர் ரவி. காலை ஏழரை மணி. செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு உலக நாடுகளுக்கெல்லாம் நான் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்த வேளை. ரவி, அமிர்தலிங்கத்தின் மனைவி செண்பகத்தின் உடன்பிறந்த தம்பி. அம்மாபேட்டையில் அறுவடை இயந்திரம் வைத்து ஓட்டுகிறவர். "வாத்தியாரய்யா, அத்தான் தவறிட்டாங்களாம். நெஞ்சுவலின்னு சொல்றாங்க" என்றார். பிறகு, "நான் உள்ள வரலாமான்னு அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்றீங்களா? நீங்க கேட்டா மறுக்காது" என்றார்.

ஆறு வருடமாக அந்த அக்கா அந்தத் தம்பியோடு பேசவில்லை. ஏன் பேசவில்லை என்பது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிந்த காரணம் பொய் என்பது என் வீட்டாருக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வெளியே அமிர்தலிங்கம் ஒருவருக்குத் தெரியும். அவரும் அன்று காலை போய்விட்டார். ரவி சிபாரிசுக்குத் தேர்ந்தெடுத்த ஆள் நான்.

படத்திறப்புக்கு ஒரு சிறு மலர் போடுகிறோம், நீங்கள் எழுதாமல் எப்படி என்று பள்ளி நண்பர்கள் கேட்டார்கள். அவருடைய பொறுமை, நேரம் தவறாமை, சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் திருப்புளி, இவற்றைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினால் அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்பீர்கள். அவையெல்லாம் உண்மைதான். அவற்றை மற்றவர்கள் எழுதட்டும்.

அவர் எங்கள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆய்வக உதவியாளர், நான் தமிழாசிரியர். திருகு அளவியை வைத்து ஒரு மயிரிழையின் பருமனை அவர் அளந்து சொல்வார். அதே மயிரிழையை வடமாக்கி நான் தேர் இழுப்பேன். வயதில் என்னைவிட இரண்டே வருடம் சிறியவர். ஆனாலும் அவருக்கு நான் 'ஐயா', எனக்கு அவர் 'வாப்பா அமிர்தம்'. அந்த வித்தியாசம் எங்கள் இருவரின் அப்பாக்களும் பிறந்த தெருக்களிலிருந்து வந்தது என்பதை நான் யோசித்ததுகூட இல்லை. "ஐயா சொல்றதுல பாதியக் கழிச்சிடணும். மிச்சத்தையும் ஒருதடவ உதறிப் பாத்துட்டுத்தான் எடுத்துக்கணும்" என்று ஆசிரியர் அறையில் என் முகத்துக்கு நேரே சொல்லுவார். இந்தக் கட்டுரையில் என் படைபலத்தைப் பற்றி வருவதை மட்டும் அப்படிக் கழித்துக்கொள்ளுங்கள். மற்றதில் உதற ஒன்றுமில்லை.

ஓய்வு பெற்ற மறுவருடம் எனக்கு உண்டிவில் பைத்தியம் பிடித்தது. கொய்யா மரத்துக்கு வரும் கிளிகளை விரட்ட ஆரம்பித்தது. கிளிகள் என்னை ஒரு பொருட்டாக மதிக்காததால் பவுடர் டப்பாவை எதிரியாக்கிக்கொண்டேன். மூன்று உண்டிவில், ஒரு மூங்கில் வில், சைக்கிள் கடையிலிருந்து ஒரு டம்ளர் பால்ரஸ் இரும்புக்குண்டு. சோழர் படை கடல் தாண்டிப் போன பிறகு காவிரிக்கரையில் இத்தனை ஆயுதம் ஓரிடத்தில் சேர்ந்ததில்லை என்று அமிர்தலிங்கத்திடம் அறிவித்தேன். அந்த வாரமே ஒரு குண்டு கொல்லைச் சுவரில் பட்டுத் தெறித்து, பக்கத்து வீட்டுப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை போட்டது. அவர் வந்து ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு அதன் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து, தன் நெற்றியையும் ஓட்டையையும் கையால் மட்டம் பிடித்தார். "துணி தொவைக்க உக்காந்தா இந்த ஒசரம்தான் ஐயா" என்றார்.

மறுநாள் கடப்பாரையோடு வந்தார். சுவர் என்பது வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கிற சாதனம், நமக்கு வேண்டியது அதுவல்ல என்று விளக்கினார். "நமக்கு மடி வேணும் ஐயா. மடின்னா வாங்கிக்கணும்." அன்றிலிருந்து அதற்கு மடி என்றே பெயர். கொல்லையின் கடைசியில், அப்பால் என் வயல் மட்டுமே இருக்கும், ஆள் நடமாட்டமே இல்லாத திசையைப் பார்த்து இடம் குறித்தார். சவுக்குக் கால் நட்டு, மழைக்குத் தார்ப்பாய்க் கூரை போட்டார். ரைஸ்மில்லிலிருந்து உமி கொண்டுவந்து சாக்குகளில் முக்கால் அளவுக்கு மட்டும் நிரப்பி, செங்கல் கட்டுவதுபோல் இணைப்பு மாற்றி இரண்டு வரிசை அடுக்கினார். நிறையத் திணித்தால் என்ன என்று கேட்டேன். திணித்தால் மூட்டை சுவராகிவிடும் என்றார். மூட்டைகளுக்கு ஒரு சாண் முன்னால், மேலே குறுக்குக் கழியிலிருந்து இரட்டைச் சாக்குத் திரை. மேலே மட்டும்தான் கட்டு; கீழே கட்டவே கூடாது. குண்டு வந்து பட்டால் திரை பின்னால் போய் அதன் வேகத்தை வாங்கிக்கொள்ளும். குண்டு கீழே மணல் தொட்டியில் விழும். முதலில் பாதி இழுப்பில் அடிக்கச் சொன்னார், பிறகு முக்கால், பிறகு முழுசு. இருபது அடித்ததும் மணலைச் சலித்து இருபது குண்டையும் எண்ணி எடுத்த பிறகுதான் சிரித்தார்.

பதினைந்து தப்படியில், அடிக்கிற ஆள் நிற்க ஒரு கயிறு போட்டார். தஞ்சாவூருக்குப் போய் நாலு பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிவந்து கழியில் மாட்டினார். கண்ணாடி போடாத ஆள் கயிற்றுப் பக்கமே வரக்கூடாது, ஐயாவாக இருந்தாலும் சரி என்பது சட்டம். சனிக்கிழமை தோறும் வந்து திரைக்குப் பின்னால் கையை விட்டுப் பார்ப்பார். உமி கீழே தங்கி மேலே வெற்றுச் சாக்காகியிருந்தால் உதறி அடுக்குவார். ஐப்பசி மழையில் நனைந்து கட்டிபட்ட ஒரு மூட்டையைத் தயவு தாட்சண்யமில்லாமல் தூக்கிப் போட்டார். எனக்குக் கண் போதாது என்று தெரிந்து காதுக்கு ஒரு பாடமும் வைத்திருந்தார். "சத்தத்தக் கேளுங்க ஐயா. தொப்புன்னா மடி. டப்புன்னா சுவரு."

இவ்வளவையும் விவரமாக எழுதுவதற்குக் காரணம், இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான்.

ஆறு வருடத்துக்கு முந்தைய பொங்கலுக்குச் சென்னையிலிருந்து என் சம்பந்தி முதன்முறையாக எங்கள் ஊருக்கு வந்தார். அவர் கண்ணில் என் ஆயுதசாலை கம்பீரமாகப் பட வேண்டும் என்று எனக்கு ஆசை. மடியோ, பார்வைக்குப் பரதேசியின் போர்வை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துக் கைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கரடுமுரடாக எதைக் கண்டாலும் களிமண்ணையும் சாணியையும் குழைத்து மெழுகிவிடும். களம் மெழுகிய கை, குதிர் மெழுகிய கை. போகிக்கு எரிக்கவென்று கழற்றி வைத்திருந்த மாட்டுக்கொட்டகைக் கதவை எடுத்துத் திரைக்குப் பின்னால் நிறுத்தினேன். சாக்கை இழுத்து அதன்மேல் நாலு பக்கமும் ஆணி அடித்தேன். வழுவழுவென்று மெழுகினேன். இரண்டு நாள் தை வெயிலில் அது பாறையாகக் காய்ந்தது. அதன்மேல் காவியாலும் சுண்ணாம்பாலும் வட்டம் வட்டமாகப் போட்டு, சரிகை வேட்டியால் மூடி, காணும் பொங்கலன்று திறப்புவிழா என்று அறிவித்தேன். அமிர்தலிங்கத்திடம் மட்டும் சொல்லவில்லை. அசத்த நினைத்தேன்.

அன்று காலை அவருடைய மூன்று மா நிலத்தில் ரவியின் இயந்திரம் அறுவடை செய்துகொண்டிருந்தது. பதினோரு மணிக்கு மேல், மேலெல்லாம் வைக்கோல் தூசியோடு வயலிலிருந்து நேராக என் கொல்லைக்கு வந்தார் அமிர்தலிங்கம். நாலு கண்ணாடியையும் நான் ஏற்கெனவே வழங்கி முடித்திருந்தேன்: எனக்கு ஒன்று, சம்பந்திக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று, வேடிக்கை பார்க்க வந்த என் வீட்டம்மாவுக்கு ஒன்று. கழி காலியாக இருப்பதைப் பார்த்ததும் அவர் கயிற்றைவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். நான் விடவில்லை. "நீ பழகின ஆளு, உனக்கெதுக்குப்பா கண்ணாடி? வா, வந்து வேட்டிய எடு" என்றேன். சம்பந்தி எதிரில் என் சொல்லைத் தட்ட வேண்டாம் என்று நினைத்திருப்பார். போய் எடுத்தார். எடுத்துவிட்டு ஒரு கணம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி நடந்து என் பக்கத்தில் வரும்போது நான் உண்டிவில்லின் வாரை முழுதாக இழுத்துப் பிடித்திருந்தேன்.

"ஐயா, இது ஆடலையே" என்றார்.

எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று ஆறு வருடமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்டது. "கோட்டை எங்காவது ஆடுமா அமிர்தம்?" என்று சபைக்குக் கேட்கும்படி முழங்கிவிட்டு வாரை விட்டேன்.

டப்பென்று சத்தம். அவர் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியே குந்திவிட்டார்.

மாப்பிள்ளைதான் காரை ஓட்டினார். வல்லம் சாலையில் போகும்போது, கண்ணில் ஈரத்துணியை அழுத்திக்கொண்டே அமிர்தலிங்கம் சொன்னார்: "சம்பந்தி வந்திருக்காங்க. நல்லநாளும் அதுவுமா எதுக்கு ஐயா. களத்துல நெல்லு தெறிச்சிச்சின்னு சொல்லிக்கலாம்." அறுவடைக் காலத்தில் நெல் தெறித்துக் கண் போனவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு, யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கக் கூடியவை எத்தனையோ. நான் சொன்னது "சரி." என் வாழ்நாளில் நான் பேசிய மிகச் சுருக்கமான பேச்சு அதுதான். மருத்துவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் "நெல்லுதான் சார்" என்றார் அமிர்தலிங்கம். அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை.

அந்தப் பொய் எங்கே போய் விழும் என்று காரில் வந்த நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரி நடையில் செண்பகம் தம்பியைப் பிடித்துக்கொண்டது. "பக்கத்துல நின்ன உங் கண்ணு எங்கடா போச்சு? மிஷினு ஓடறப்ப அவர எதுக்குக் கிட்ட விட்ட?"

"அக்கா, அத்தான் களத்தவிட்டுக் கெளம்பறப்ப நல்லாத்தான் போனாங்க. சத்தியமா."

"அப்ப கண்ணு போன மனுசன் பொய் சொல்றாருங்கிறியா?"

இருவருக்கும் நடுவில் இருந்த பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தேன். திரும்பவும் முதலிலிருந்து படித்தேன். அன்று போன ரவி அக்கா வீட்டு வாசலை மறுபடி மிதிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அமிர்தலிங்கம் கடப்பாரையோடு வந்தார். மெழுகியதைப் பெயர்த்து, கதவைப் பிடுங்கி எறிந்தார். ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் பிடிபடவில்லை போலும்; கழியில் ஆணி அடிக்கும்போது சுத்தி இரண்டு தடவை விலகி விரலில் பட்டது. கொடு, நான் அடிக்கிறேன் என்று கை நீட்டினேன். "வேணாம் ஐயா, நீங்க மெழுகிடுவீங்க" என்றார். அவர் என்னைக் கடிந்துகொண்டது மொத்தமே அவ்வளவுதான். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன், அவரைவிடச் சத்தமாக.

மூன்று வருடம் போயிற்று. ரவியின் மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். யார் மூலமோ வந்த பத்திரிகையைச் செண்பகம் பிரிக்காமல் திருப்பி அனுப்பியது. அன்று மாலை அமிர்தலிங்கம் என் கொல்லைக்கு வந்து, உட்காராமல், மூட்டைகளைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஐயா, செண்பகத்துக்கிட்ட மட்டும் சொல்லிடலாமா? ஊருக்கு வேணாம். அதுக்கு மட்டும். தம்பி பாவம், கெடந்து தவிக்கிறான்" என்றார்.

தன் கண்ணைப் பற்றித் தன் மனைவியிடம் உண்மையைச் சொல்ல அவர் என்னிடம் அனுமதி கேட்டார். செண்பகத்துக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரிந்தால் நான் முப்பது வருடம் பாடம் நடத்திய பள்ளிக்குத் தெரியும் என்று என் மனக்கணக்கு ஓடியது. "சொல்லுவோம் அமிர்தம், சொல்லாம என்ன? கொஞ்ச நாள் போகட்டும்" என்றேன்.

"சரிங்க ஐயா" என்றார். மறுபடி அவர் கேட்கவே இல்லை. கேட்கவில்லை என்பதையே வசதியாக எடுத்துக்கொண்டு, அவர் மறந்துவிட்டதாக நான் முடிவுகட்டினேன். அந்தக் கல்யாணத்துக்கு மாமன் இல்லை, அத்தை இல்லை.

அவர் இறந்த அன்று ரவி தெருமுனை டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் மாலையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து ஓடி வந்தார். நான் செண்பகத்திடம் கேட்கவில்லை. கேட்பதாக இருந்தால் காரணத்தையும் சொல்லியாக வேண்டும். "கூட்டமா இருக்கு தம்பி, அப்பறம் பாப்போம்" என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அப்ப இதையாவது நீங்க போட்ருங்க வாத்தியாரய்யா" என்று மாலையை நீட்டினார். வாங்கிக்கொண்டு போய் அமிர்தலிங்கத்தின் மார்பில் சார்த்தினேன். "வாத்தியாரு மாலதான் இருக்கறதுலயே பெருசு" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். நான் திரும்பிப் பார்த்து, இது என்னுடையது இல்லை என்று சொல்லவில்லை. உங்களில் சிலர் அங்கே இருந்தீர்கள்.

கருமாதிக்கு இரண்டு நாள் முன்னால் செண்பகத்தைப் பார்க்கப் போனேன். அன்றைக்குத் துணிச்சல் எங்கிருந்தும் வந்துவிடவில்லை. கருமாதியன்று பிறந்த வீட்டுக் கோடிப் புடவை போட உடன்பிறந்தவன் வர வேண்டும். அவன் இல்லாமல் பங்காளி வீட்டுப் பிள்ளை ஒருவனை விட்டுப் போடச் சொல்வதென்று முடிவாகியிருப்பதாக என் வீட்டம்மா சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எதிரில் வீட்டில் இருக்க முடியாமல்தான் கிளம்பினேன்.

செண்பகம் நாற்காலி எடுத்துப் போட்டது. உட்கார்ந்து சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "ஏன்யா, இன்னைக்குமா வெளையாட்டு?" என்றது. நான் சொன்ன கதைகளைக் கேட்டு முப்பது வருடம் சிரித்த பெண்மணி. என்னிடமிருந்து வேறு எதை எதிர்பார்க்கும்? இரண்டாம் தடவை சொன்னேன். கதவைச் சொன்னேன், சாணியைச் சொன்னேன், கண்ணாடியைச் சொன்னேன், "இது ஆடலையே" என்று அவர் சொன்னதைச் சொன்னேன். அதைச் சொல்லும்போது செண்பகம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டது.

"எங்கிட்ட சொல்லணும்னு அவரு நெனச்சாரா?"

"கேட்டாரும்மா. நாந்தான் அப்பறம்னேன்."

நான் எப்போது எழுந்து நின்றேன் என்று தெரியவில்லை. செண்பகம் நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. வாசல்வரை வந்தேன். உள்ளேயிருந்து அது தொலைபேசியில் பேசும் குரல் கேட்டது. "ரவி... அக்காடா."

கருமாதியன்று ரவிதான் கோடி போட்டார். பந்தலின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்த என்னிடம் வந்து, "சாப்ட்டுப் போங்க வாத்தியாரய்யா" என்றார். எல்லாம் தெரிந்த பிறகு சொன்னார். திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பேன். இந்த மலரில் நான் எழுதலாமா என்று ஆள்விட்டுக் கேட்டேன். செண்பகம் சொல்லி அனுப்பியது: "எழுதறதா இருந்தா எந் தம்பி பொய் சொல்லலன்னு எழுதச் சொல்லுங்க."

எழுதுகிறேன். ரவி பொய் சொல்லவில்லை. அன்று காலை அமிர்தலிங்கம் இரண்டு கண்ணும் நன்றாக இருக்கத்தான் களத்திலிருந்து கிளம்பினார். அவர் கண் போனது என் கொல்லையில், என் கையால், அவர் எச்சரித்த பிறகு.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்ள உரிமையுள்ள பொருள் எது என்று இந்த நாட்களில் யோசித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் அவர் தினம் பத்துத் தடவை என்னிடம் "சரிங்க ஐயா" என்று சொல்லியிருப்பார். அவையெல்லாம் என் பெருமைக்குச் சேர்ந்தவை என்று நினைத்திருந்தேன். அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். மடியின் பக்கத்தில் நின்று, மனைவியிடம் சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டு, அவர் சொன்ன அந்த ஒரு "சரிங்க ஐயா"வை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.